ஏழாவது உத்திரம்

இது நடந்த வருஷம் ஐம்பத்தைந்தா ஐம்பத்தாறா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த ஐப்பசியில் ஒன்பது நாள் மழை பெய்தது என்று ஒரு நினைவு சொல்கிறது. நாலு நாள்தான் என்று இன்னொன்று சொல்கிறது. சித்தி ஜுனைதா என்பவள் மட்டப்பாவின், அதாவது மொட்டைமாடியின், விளிம்பில் நின்று தன் அண்ணனிடம் சொன்ன வார்த்தைகளையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவற்றில் எனக்குப் பிடித்ததை நான் எடுத்து வைத்துக்கொண்டேனோ என்னவோ. ஆனால் ஏழாவது உத்திரத்தின் கீழே விழுந்த சொட்டின் நிறத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் இரண்டு பேச்சு இல்லை.

வீடு கீழக்கரையில், கடலிலிருந்து மூன்று தெரு உள்ளே தள்ளி இருந்தது. அந்த ஊரில் வீடு பெண்ணுக்குச் சேர்ந்தது. மகளுக்கு நிக்காஹ் என்றால் முதலில் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஜுனைதாவின் உம்மாவுக்கு அந்த வீடு அப்படித்தான் வந்தது. உம்மாவிடமிருந்து ஜுனைதாவுக்கு வந்தது. அவளிடமிருந்து மகள் ஹமீதா பானுவுக்குப் போக வேண்டும். பானுவுக்குப் பேசி முடித்தாயிற்று. ரஜப் மாதம் நிக்காஹ். வடக்குப் பக்கத்து அறைதான் மணவறை என்று எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

ஒழுகியதும் அந்த அறைதான்.

பவளக்கல் சுவர். மேலே பர்மாத் தேக்கில் பதினொரு உத்திரங்கள். அவற்றின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, சுண்ணாம்பை வாரக்கணக்கில் பலகையால் அடித்து இறுக்கிய தளம். தளத்தின் வாட்டம் தெற்கிலிருந்து வடக்கே. வடக்குக் கைப்பிடிச் சுவரில் இருந்த மூன்று தூம்புகள் வழியாக மழைத்தண்ணீர் தொட்டியில் விழும். ஐம்பது வருஷமாக ஒரு சொட்டு உள்ளே இறங்காத வீடு. பிறகு ஏழாவது உத்திரம் வடக்குச் சுவரில் உட்காரும் இடத்தில் ஒரு கறை வந்தது. முதல் வருஷம் உள்ளங்கை அளவு. எட்டாவது வருஷம் ஒரு சுளகு அளவுக்குக் காரை பெயர்ந்து கட்டிலின்மேல் விழுந்தது. கட்டிலில் அப்போது யாரும் இல்லை.

நடுவில் எட்டுத் தரம் கொத்தனார் கூத்தையா வந்து பூசிவிட்டுப் போயிருந்தார். அவர் பூசிய விதத்தைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தெருக்களில் ஆண் யாராவது மட்டப்பாவில் ஏறுவதென்றால், ஏணியில் காலை வைக்கும் முன்னால் மூன்று தரம் கூவ வேண்டும். "மட்டப்பாவுக்கு ஆள் ஏறுது!" கூவல் கேட்டதும் சுற்றியுள்ள வீடுகளில் முற்றத்தில் இருக்கும் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். ஏறியவர் தலையை நிமிர்த்தக் கூடாது. வேலை எங்கேயோ அங்கே நேராகப் போய், அதைப் பார்த்து, அதை முடித்து, இறங்கிவிட வேண்டும். அடுப்பில் சோறு வைத்துவிட்டு உள்ளே போன பெண்களின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா. கூத்தையா நல்ல மனிதர். ஜட்காக் குதிரைக்குக் கண்மறைப்புக் கட்டியதுபோலத் தலைத்துண்டை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுக்கொண்டு ஏறுவார். ஏழாவது உத்திரத்துக்கு மேலே போய் உட்காருவார். கொத்துவார், பூசுவார், இறங்குவார். எட்டு வருஷத்தில் அவர் அந்த மட்டப்பாவில் ஒரு பாய் அகலத்துக்கு மேல் பார்த்ததில்லை.

காரை விழுந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ கழிந்து ஜுனைதாவின் அண்ணன் சதக்கத்துல்லா கூத்தையாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சங்கு வியாபாரம். பக்கத்துத் தெற்கு வீட்டில், மனைவி சல்மாவின் வீட்டில், குடியிருந்தார். மூன்று மகன்கள், மகள் இல்லை. தங்கை மாப்பிள்ளை வாவு முகம்மது கொழும்பில் கடையோடு கிடந்ததால் இரண்டு வீட்டுக்கும் அவர்தான் ஆண்துணை.

கூத்தையா சுத்தியலின் பிடியால் உத்திரத்தின் நுனியைத் தட்டிப் பார்த்தார். பிறகு சதக்கத்துல்லாவின் முகத்தைப் பார்த்தார்.

"மொதலாளி சொல்றாப்லதான். நுனி ஊறிப் போச்சு."

"கேட்டுக்கிட்டியா ஜுனைதா?" என்றார் அண்ணன். "தானா விழுந்து ஆளைக் கொல்றதுக்கு முன்னால நாமளா எறக்கிருவோம். திங்கக்கிழமை ஆள் வருது. சாமானையெல்லாம் நம்ம வீட்டுக்கு மாத்திரு."

"நம்ம வீடுன்னா எது காக்கா?"

"இதென்ன கேள்வி. தெக்கு வீடு."

"அது மச்சி வீடு."

அவர் சிரித்தார். "சரி, ஒன் மச்சி வீடு. பானு கல்யாணத்தை அங்கன வச்சுக்கிருவோம்."

"மாப்பிள்ளை வந்து எங்கன இருப்பாரு?"

"அதெல்லாம் பெறகு பாக்கலாம். ஒன் மாப்பிள்ளையும் எழுதிட்டாரு, காக்கா சொல்படி கேளுன்னு. காயிதம் வேணுமா?"

பிறகு என்ற அந்த ஒரு சொல்லில் வீடு காணாமல் போய்விடும் என்று ஜுனைதாவுக்குத் தெரிந்தது. கூரை இறங்கினால் மறுபடி ஏறாது. வெறும் மனையில் அண்ணன் சங்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வரும். அவர் கெட்டவர் இல்லை. கூரை விழுந்துவிடும் என்று உண்மையாகவே பயந்தார். ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே கிட்டங்கியும் நின்றது. வீடில்லாத பெண்ணுக்கு யார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

அவள் பதில் சொல்லவில்லை. பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் ஊர். நிக்காஹ் நேரத்தில் மணப்பெண்ணிடம் கேட்கும்போதே அப்படித்தான். அண்ணனும் அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ஜுனைதாவின் மௌனம் அந்த வகை இல்லை. அது பாதி பேச்சில் நிறுத்திவைத்த பேச்சு.

அவர்கள் போனபின் கட்டிலின்மேல் கிடந்த காரையைக் கையால் அள்ளினாள். எட்டு வருஷமாக மழை நாட்களில் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அந்தச் சொட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். கொழும்பிலிருந்து காயிதம் வராத நாட்களில் அதுதான் பேச்சுத்துணை. அதனால் அதைப்பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத இரண்டு சங்கதி அவளுக்குத் தெரியும்.

ஒன்று, சித்திரையில் இடியோடு செங்குத்தாகக் கொட்டும் மழைக்கு அந்த உத்திரம் அசையாது. ஐப்பசியில் வாடைக்காற்று சாய்த்து அடிக்கும் மழைக்குத்தான் ஒழுகும். இரண்டு, மழை பிடித்தவுடன் ஒழுகாது. உலை வைத்துச் சோறு வடித்து முடிக்கிற நேரம் கழித்துத்தான் முதல் சொட்டு விழும். மழை நின்ற பிறகும் மறுநாள் நடுப்பகல், ளுஹர் தொழுகை வரைக்கும் விடாது.

தலைக்கு மேலேயே ஓட்டை இருந்தால் தண்ணீர் எதற்காக அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும்? வேறெங்கோ நுழைந்து நடந்து வருகிறது. இதைக் கூத்தையாவிடம் ஒருமுறை கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். "தண்ணி விழுற எடத்துலதானே ஓட்டை இருக்கும் நாச்சியா" என்று அவர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறிவிட்டார்.

சனிக்கிழமை காலை சோணையம்மாளுக்கு ஆள் விட்டாள்.

சோணையம்மாள் தளம் அடிக்கிறவள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து பலகையால் தட்டித்தான் சுண்ணாம்புத் தளத்தை இறுக்குவார்கள். அந்த வரிசைக்குத் தலைப்பெண் அவள். பிறந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம். கண்மாய் வற்றிய ஒரு வருஷம் இந்தப் பக்கம் பிழைக்க வந்தவள். அவள் மட்டப்பாவில் ஏறினால் யாரும் கூவ வேண்டாம். யாரும் உள்ளே ஓட வேண்டாம்.

"கூப்பிட்டீகளாமே நாச்சியா. எடுத்துப் போடுறதுக்கா? திங்கக்கிழமை இடிக்கப் போறாகன்னு தெருவே பேசுது."

"இடிக்கிறதுக்கு ஆள் இருக்கு. எனக்கு எங்கன ஒழுகுதுன்னு பாக்கணும்."

"அதான் தெரியுதே, இங்கன." அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"இங்கன விழுது. எங்கன நுழையுது?"

சோணையம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். ஜுனைதா வாடைக்காற்றைச் சொன்னாள், சோறு வடிக்கிற நேரத்தைச் சொன்னாள். கேட்டு முடித்து அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இது நண்டு வளை சமாச்சாரம்ல! எங்கூர்ல வயல்ல கட்டின தண்ணி விடிஞ்சா காணாமப் போயிரும். நாலு வயல் தள்ளி எவன் வயல்லயோ ஊறி நிக்கும். ஊறின எடத்தைத் தோண்டி என்ன பண்ண? ஒவ்வொரு பாத்தியா மடையடைச்சுத் தண்ணி கட்டிப் பாக்கணும். எந்தப் பாத்தி குடிக்குதோ அதுலதான் வளை."

"அப்ப மட்டப்பாவுல பாத்தி கட்டு."

"மட்டப்பாவுலயா!" சோணையம்மாள் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. "நெல்லு நடச் சொல்லுவீக போலருக்கே!"

ஆனால் அரை மணி நேரத்தில் ஊருணிக் களிமண் இரண்டு கூடை வந்து இறங்கியது. இரண்டு பெண்களும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தளத்தைக் குறுக்கே நாலு பாத்தியாகப் பிரித்து வரப்புப் போட்டார்கள். வடக்கே தூம்புப் பாத்தி முதலாவது. ஏழாவது உத்திரத்துக்கு நேர் மேலே கூத்தையா பூசிப் பூசி யானை முதுகுபோல மேடாக்கி வைத்திருந்த இடம் அதில்தான். தெற்கே கடைசிப் பாத்தி, மறைப்புச் சுவரின் அடி.

அந்தச் சுவர் சதக்கத்துல்லா கட்டியது. சுதந்திரம் வந்த வருஷம் மனைவி வீட்டுக்கு மாடி எடுத்தார். மாடி ஜன்னல் ஜுனைதாவின் மட்டப்பாவைப் பார்த்து அமைந்துவிட்டது. வேலையாட்கள், விருந்தாட்கள் கண் படுமே என்று, ஒரே வாரத்தில் தங்கையின் மட்டப்பாவின் தெற்கு ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர் எழுப்பினார். "என் தங்கச்சி மானத்துக்குக் கட்டின சுவர்" என்று பள்ளிவாசலில்கூடச் சொல்லிக்கொள்வார். மிச்சக் கற்களைச் சுவரின் அடியிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். குவியல் அப்படியே கிடந்தது. ஜுனைதாவும் நன்றியோடுதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி உள்ள இடத்தில் சந்தேகம் எளிதில் வருவதில்லை.

தொட்டி மழைத்தண்ணீரைத் தொட மனம் வரவில்லை. கிணற்று உவர்த் தண்ணீரைத்தான் குடம் குடமாக ஏற்றினார்கள். சனிக்கிழமை முழுக்க முதல் பாத்தி நிறைந்து நின்றது. பானு கீழே அறையில் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இல்லை. கூத்தையாவின் மேடு பித்தளைத் தாம்பாளம்போலத் தண்ணீரை ஏந்திக்கொண்டிருந்தது.

"எட்டு வருஷப் பூச்சு, பாவம்" என்றாள் சோணையம்மாள். "நல்லாத்தான் பூசியிருக்காரு. ஒடைஞ்ச பானையை விட்டுப்போட்டு நல்ல பானைக்குப் பூசியிருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை ளுஹர்வரை இரண்டாவதும் மூன்றாவதும் அசையவில்லை. நாலாவதற்குப் போகுமுன் கற்குவியலைத் தள்ள வேண்டியிருந்தது. பவளக்கல், ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி கனம். ஜுனைதாவின் உள்ளங்கை கிழிந்தது. கடைசிக் கல்லை நகர்த்தியதும் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

சுவர் தளத்தின்மேல் உட்காரவில்லை. தளத்தை வெட்டி, பள்ளம் எடுத்து, அதற்குள் இறங்கி நின்றது. வெட்டிய வாயை மேலோட்டமாகப் பூசி மூடியிருந்தார்கள். பூச்சு சுவரை விட்டு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது, சுவரின் முழு நீளத்துக்கும். உள்ளே பாசி. வாடைமழை சாய்ந்து வந்து அவ்வளவு பெரிய சுவர்முகத்தில் அடித்தால் தண்ணீரெல்லாம் வழிந்து வேறெங்கே போகும்?

ஆறு குடம் ஊற்றினார்கள். ஆறும் போன இடம் தெரியவில்லை. ஏழாவது குடத்தை ஊற்றும்போது, "ஆத்தாடி, யானை குடிக்கிற மாதிரில்ல குடிக்குது" என்றாள் சோணையம்மாள். உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம் கழித்துக் கீழேயிருந்து பானுவின் குரல் வந்தது. "உம்மா! சொட்டுது!"

ஜுனைதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சோணையம்மாள் பொறுத்துப் பார்த்தாள்.

"என்ன நாச்சியா, கண்டுபிடிச்சாச்சு, சந்தோஷம் இல்லையா?"

"யாரு நம்புவாக சோணை? பொம்பளைக கொடத்தைக் கவுத்தா எங்கயும்தான் ஒழுகும்னு சொல்லுவாக. அதுவும் இந்தச் சுவரை."

"ஆம்பளைக கண்ணுக்குக் காட்டணும்னா அவுக கண்ணுக்குத் தெரியிற மாதிரி காட்டணும்" என்றாள் சோணையம்மாள். பிறகு, "வீட்டுல மஞ்சள் இடிச்சது இருக்கா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை சதக்கத்துல்லா வரும்போது ஆறு ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். வடக்குச் சந்தில் ஏணி சாத்தினார்கள். கூத்தையா துண்டை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுக்கொண்டு கூவினார்.

"மட்டப்பாவுக்கு ஆள் ஏறுது! மட்டப்பாவுக்கு ஆள் ஏறுது! மட்டப்பாவுக்கு ஆள்—"

"ஏறாதீங்க" என்றது மேலேயிருந்து ஒரு குரல். "பொம்பளைக இருக்கோம்."

கூத்தையா ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டார். முப்பது வருஷத் தொழிலில் அந்தக் கூவலுக்குப் பதில் வந்து அவர் கேட்டதில்லை.

"ஜுனைதா!" சதக்கத்துல்லா கத்தினார். "எறங்கு கீழ!"

"எறங்க மாட்டேன் காக்கா."

"ஆளுக நிக்கிறாக!"

"நிக்கட்டும். பொம்பளை இருக்கிற மட்டப்பாவுல ஆம்பளை ஏறக் கூடாதுன்னு சுவரே கட்டினது நீங்கதானே? இப்ப ஏறுங்க, பாப்போம்."

கூவலைக் கேட்டால் உள்ளே போகிற பெண்கள் அன்றைக்கு வெளியே வந்தார்கள். பதில் சொன்னது யார் என்று பார்க்க முதலில் கிழக்கு வீட்டு மட்டப்பாவில் இரண்டு தலை தெரிந்தது. பிறகு எதிர்வீட்டில். பிறகு அதற்கடுத்ததில். முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தியும் இறங்கவில்லை. அண்ணாந்து பார்க்க முடியாமல் போன ஆறு ஆட்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சந்துமுனைப் பூவரச மரத்தடிக்குப் போய்விட்டார்கள். சதக்கத்துல்லா போக முடியாதவர். தங்கையிடம் பேச வேண்டும்; தலையை நிமிர்த்தினால் நாலு வீட்டுப் பெண்கள். அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துப் பேசினார்.

"வெளையாடுறியா? ஒன்னையும் ஒன் மகளையும் காப்பாத்தத்தான் நான் இதைச் செய்றேன்."

"தெரியும் காக்கா. அதான் ஒங்களை வீட்டுக்குள்ள வர வேணாம்னு சொல்லல. வடக்கு அறைக்குப் போங்க. கூத்தையாவையும் கூட்டிக்கங்க. ஏழாவது உத்திரத்தை மட்டும் பாத்துக்கிட்டு இருங்க. ஒண்ணும் விழலைன்னா நானே எறங்கி வந்து கடப்பாரையை எடுத்துத் தாரேன்."

"என்ன விழும்?"

"விழும்போது பாருங்க."

வேறு வழியில்லாமல் போனார். பானு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை உத்திரத்தின் நுனிக்குக் கீழே கட்டிலில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். சதக்கத்துல்லா நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹை உருட்டத் தொடங்கினார். கூத்தையா நிலைப்படி ஓரத்தில் தரையில் குந்தினார். மேலே அண்டா நிறைய மஞ்சள் கரைத்த தண்ணீரைச் சோணையம்மாள் சுவரடியில் சாய்த்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

நேற்றே ஊறியிருந்ததால் தண்ணீர் அதிகம் காக்க வைக்கவில்லை. தஸ்பீஹ் மணி ஒன்றின்மேல் ஒன்று விழும் சத்தம் மட்டும். பிறகு வேறொரு சத்தம்.

தட்டில் ஒரு சிவப்புப் புள்ளி.

சதக்கத்துல்லாவின் விரல் நின்றது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது. வெற்றிலை எச்சில் நிறம். அவர் "யா அல்லாஹ்" என்று எழுந்துவிட்டார்.

கூத்தையா அருகே போய் ஒரு சொட்டைச் சுண்டுவிரலில் ஏந்தி முகர்ந்தார். வாழ்நாளெல்லாம் சுண்ணாம்போடு கிடந்த மனிதர். விளங்க அதிக நேரம் ஆகவில்லை.

"மஞ்சள் மொதலாளி. சுண்ணாம்பைத் தொட்டா மஞ்சள் செவக்கும்ல. மேல ஊத்தினது தளத்துச் சுண்ணாம்புக்குள்ளயே ஓடி வந்து இங்கன எறங்குது."

முற்றத்துக்கு வந்து இருவரும் அண்ணாந்தார்கள். விளிம்பில் ஜுனைதா நின்றாள். கையில் காலி அண்டா.

"எங்கன ஊத்தின?" அண்ணன் கேட்டார்.

"ஒங்க சுவரடியில."

அவர் வாயைத் திறக்குமுன் கூத்தையா பேசினார். அவர் அப்படி முந்திப் பேசுகிறவர் இல்லை. "அந்தச் சுவரை நிப்பாட்டத் தளத்தை நாலு விரக்கடை வெட்டினது நான்தான் மொதலாளி. ஒரு வாரத்துல முடிக்கணும்னு நீங்க தலைமேல நின்னீக. வெட்டுன வாயைச் சரியா மூட எனக்கு நேரம் இல்ல. அன்னைக்கு மூடாததுக்கு எட்டு வருஷமா வேற எடத்துல பூசியிருக்கேன்."

சொல்லிவிட்டு வெளியே போனார். ஆட்களில் ஒருவனிடம் கடப்பாரையை வாங்கிவந்து, அதன் முனையை ஏழாவது உத்திரத்தின் நுனியில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினார். கறுத்த தோல் ஒரு நகக்கண் ஆழம் நைந்தது. அதற்கப்பால் தேக்கு. இரும்பு வழுக்கிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை சுத்தியல் பிடியால் தட்டியதைப்பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

"உத்திரம் நூறு வருஷம் நிக்கும்" என்றார் முற்றத்துக்குத் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல்.

"அப்ப சுவரடியை நல்லாப் பூசிருவோம்" என்றார் சதக்கத்துல்லா. குரல் இறங்கியிருந்தது.

"வேணாம்" என்றாள் ஜுனைதா. "வெட்டுப்பட்ட தளத்துல சுவர் நின்னா மறுபடி வாய் தொறக்கும். சுவரை எடுக்கணும்."

"புத்தி கெட்டுப் போச்சா? அது ஒன் மானத்துக்குக் கட்டினது!"

"என் மானத்துக்குக் கட்டினது என் வீட்டைத் திங்குதே காக்கா. எட்டு வருஷம் தின்னுச்சு. மிச்சத்தைத் திங்க நீங்க ஆள் கூட்டிட்டு வந்தீங்க."

"சுவரை எடுத்தா எங்க மாடி ஜன்னல் நேரா ஒன் மட்டப்பாவைப் பாக்குமே, அதுக்கு என்ன செய்ய?"

"ஜன்னலை அடைங்க."

சுற்றியிருந்த மட்டப்பாக்களில் யாரோ ஒருத்தி மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அந்த ஜன்னலை அடைக்கலாம் என்று எட்டு வருஷத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. மறைய வேண்டியது பார்க்கப்படுகிறவள்தான் என்றே எல்லாரும் இருந்துவிட்டார்கள், அவளும்கூட.

"அது என் வீட்டு ஜன்னல்" என்றார் சதக்கத்துல்லா.

அப்போது மறைப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. ஆள் தெரியவில்லை. சல்மா.

"யார் வீடு? இது எங்க உம்மா எனக்குத் தந்த வீடு. எட்டு வருஷமா இந்த ஜன்னலைத் தொறந்தா சுவர் முதுகைத்தான் பாக்குறேன். காத்தும் இல்ல, வெளிச்சமும் இல்ல. கூத்தையா! அங்கன வேலை முடிஞ்சதும் இங்கன வந்து இதை அடைச்சுட்டுப் போ. கெழக்க ஒரு ஜன்னல் வெட்டிக் குடு."

சதக்கத்துல்லா முற்றத்தின் நடுவே நின்றார். தங்கை வீட்டில் நிற்கிறோம், பக்கத்தில் இருப்பது மனைவி வீடு என்பது அந்த வயதில்தான் அவருக்கு முதல்முதலாக உறைத்திருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசல் பக்கமாகப் போனார். பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

மேலே சோணையம்மாள் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "பாத்தீகளா நாச்சியா? ஒழுகுற வீடே ஒங்களுக்கு ஆலத்தி கரைச்சுக் காட்டிருச்சு."

ஜுனைதா சிரிக்கவில்லை. கடப்பாரையை மேலே அனுப்பச் சொன்னாள். கிழிந்த உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சுவரின் முதல் கல்லை அவளே பெயர்த்தாள்.

சுவரை எடுக்க மூன்று நாள் ஆயிற்று. அடியில் இருந்த வெட்டைக் கூத்தையா மூடினார். சோணையம்மாளும் எட்டுப் பெண்களும் பன்னிரண்டு நாள் அதை அடித்தார்கள். சல்மாவின் ஜன்னல் அடைபட்டது. சதக்கத்துல்லா இரண்டு வருஷம் தங்கையோடு பேசவில்லை. பானுவின் நிக்காஹுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிடாமல் போனார். பிறகு பேசினார். சங்குக் கிட்டங்கியை ஊருக்கு வெளியே கட்டினார். கூத்தையா அறுபதாம் வருஷம் இறந்துபோனார். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் நிறைந்த ஒரு வருஷம் சோணையம்மாள் ஊர் திரும்பினாள். அதற்குமேல் அவளைப்பற்றித் தெரியவில்லை. வாவு முகம்மது கொழும்பிலேயே இறந்தார். ஹமீதா பானு வடக்கு அறையில் நாலு பிள்ளைகள் பெற்றாள், இரண்டு பெண். அறுபத்து நாலு புயலில் அந்த வீட்டின் இரண்டு தூம்புகள் உடைந்தன, உள்ளே ஒழுகவில்லை. சித்தி ஜுனைதா அறுபத்தெட்டில் அதே வீட்டில் காலமானாள். வீடு இப்போது பானுவின் மூத்த மகள் பேரில் இருக்கிறது.